மூன்று முறை கேட்ட கேள்வி
(சங்கத்தின் முதியோர் நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆபரேஷன் தியேட்டர் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி, போன வருடம் நானே செய்த ஒரு தவறுதான்.

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். காலை 9 மணிக்கு ஆபரேஷன். இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அவள் தலை வலிக்கிறது என்றாள். அரை டம்ளர் காபியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானே கலந்து கொடுத்தேன்.

மருத்துவமனையில் சேர்த்தபோது ஒருவர் கேட்டார்: பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? வார்டில் மறுபடி அதே கேள்விகள். இரண்டு தடவையும் முந்திக்கொண்டு நான்தான் பதில் சொன்னேன். தியேட்டர் வாசலில் ஒரு சிஸ்டர் மூன்றாம் முறை கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எத்தனை தடவைம்மா கேட்பீங்க? ஃபைலைப் பார்க்க மாட்டீங்களா?"

"ஃபைல் இருக்கு சார். அம்மா வாயால கேட்கணும்" என்று சொல்லிவிட்டு, அவர் என் மனைவி பக்கம் குனிந்தார். அவள் காபி குடித்ததைச் சொல்லிவிட்டாள். ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனது.

பிறகு மயக்க மருந்து டாக்டர் எனக்கு விளக்கினார். மயக்கத்தில் இருமலும் விழுங்குவதும் நின்றுவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீர் என்றால் பொதுவாக 2 மணி நேர இடைவெளி போதும். பால் கலந்தது எதுவானாலும் 6 மணி நேரம் வேண்டும். நம் ஃபில்டர் காபி பால் கணக்கில்தான் வரும்.

மதியம் காத்திருந்தபோது வங்கி ஞாபகம் வந்தது. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர். ஒருவர் போட்ட என்ட்ரியை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அதை யாரும் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டதில்லை.

தியேட்டரிலும் அப்படித்தான். டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸும் வெளியில் நின்று உதவும் நர்ஸும் பஞ்சுத் துணி, ஊசி, கருவி எல்லாவற்றையும் ஆரம்பிக்கும் முன் சேர்ந்து எண்ணுவார்கள். தையல் போடும் முன் மறுபடி எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் தேடியாக வேண்டும். நாங்கள் சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது அல்லவா, அதே கதைதான்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன் என்று மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். டெல்லி உள்பட 8 நகரங்களில் இதைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்தது. புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. கேள்வி கேட்டதுதான்.

தியேட்டரில் இன்னும் பலர் இருக்கிறார்கள். மயக்க மருந்து மெஷின், ஆக்ஸிஜன், மானிட்டர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று டெக்னீஷியன் பார்க்கிறார். கருவிகளை நீராவியில் கிருமி நீக்க ஒருவர், ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒருவர், மறுநாள் எழுப்பி நடக்க வைக்க பிசியோதெரபிஸ்ட். நம் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் தியேட்டர், மயக்க மருந்துத் தொழில்நுட்பத்துக்கே பி.எஸ்ஸி. படிப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட துணை மருத்துவப் பணிகளுக்காக 2021இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. நாமோ "எந்த டாக்டர்?" என்று மட்டும்தான் விசாரிக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து எதையும் விடாதீர்கள். கட்டிய பல், ஆடும் பல் இருந்தால் சொல்லுங்கள். நோயாளியே பதில் சொல்லட்டும், நீங்கள் முந்தாதீர்கள். தப்பித் தவறி ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள். தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

டிஸ்சார்ஜ் அன்று அந்த சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கத் தேடினேன். நைட் டியூட்டி முடிந்து கிளம்பிவிட்டார் என்றார்கள். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரத்தில் இந்த வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் தெருவிலும் இருப்பார்கள். அவருக்குச் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிட்டேன்.