சிறு முள்ளும் ஏற்ற குறடும்



பொழுது புலருமுன்னரே விழித்துக்கொள்ளும் இடங்களுள் பேலியகொடையும் ஒன்று. புறக்கோட்டையில் இருந்த மத்திய மீன் சந்தை களனி கங்கைக்கு அப்பால் இடம்மாறிய பின்னர், தீவின் பல கரைகளிலிருந்தும் லொறிகள் இரவிரவாக அங்கு வந்து சேர்கின்றன. எவ்வளவுதான் விலை பேசினாலும், பேச்சு முடிவது தராசின் முன்னேதான்.

அத்தராசு இன்று பெரும்பாலும் மின்னணுத் தராசு. தட்டின் அடியிலுள்ள உலோகத் துண்டு நிறையினால் மயிரிழையளவு வளைகின்றது. அவ்வளைவு மின்குறிப்பாக மாறி, நான்கு மெல்லிய கம்பிகள் வழியே எண்காட்டியை அடைகின்றது. முழு நிறையை ஏற்றினாலும் அக்குறிப்பு 10 அல்லது 20 மில்லிவோல்ற்று அளவினதே. ஆகவே கம்பி நுனியிலுள்ள சிறு முள் சற்றுத் தளர்ந்தாலும், உப்புநீர் உட்புகுந்தாலும், எண் நடுங்கத் தொடங்கும். வாங்குபவர் விற்பவரை ஐயுறுவார். குற்றம் இருவரிடத்தும் இல்லை. முள்ளை நெரித்த குறட்டிடம் இருக்கின்றது.

கம்பியை முள்ளோடு இணைக்க ஈயம் பற்றவைத்தால் என்ன என்று கேட்கலாம். உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஏறிக் கம்பியை விறைப்பாக்கும். அதிர்வு பட்டால் விறைப்பு முடியும் இடத்தில் கம்பி ஒடியும். செம்மையாக நெரித்த இணைப்பிலோ, செம்பும் முள்ளும் காற்றுப் புகாவண்ணம் ஒன்றையொன்று இறுகப் பற்றும். 1941 இல் அமெரிக்காவில் தோன்றிய ஆம்ப் நிறுவனம் விமானங்களுக்கும் கப்பல்களுக்குமென இம்முறையை வளர்த்தது. சிறு முட்களுக்குப் பேர்போன ஜே.எஸ்.ரி. என்ற யப்பானிய நிறுவனத்தின் பெயரிலேயே 'ஈயமில்லா இணைப்பு' என்னும் பொருள் அடங்கியிருக்கின்றது.

இனி, குறட்டைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? முள் செய்யும் நிறுவனமே தரும் தனிக்குறட்டின் விலை நூற்றுக்கணக்கான டொலர். தொழில் தொடங்கும் இளைஞனுக்கு அது எட்டாக்கனி. மலிவானவற்றுள் மூன்று வகையைக் காணலாம்.

முதலாவது, மோட்டார் வாகனத் தடித்த கம்பிகளுக்குரிய சாதாரணக் குறடு. அது சிறு முள்ளைத் தட்டையாக நசுக்கிவிடும், வாங்கவே வேண்டாம். இரண்டாவது, எஸ்.என். 28பி போன்ற பற்பூட்டுக் குறடு. முழுதும் அழுத்தி முடியும்வரை அது வாய் திறவாது. கை தளர்ந்தாலும் வேலை குறைபடாது. முட்களின் இடைவெளி 2.54 மில்லிமீற்றராயின் இதுவே போதும். ஆனால் 2 மில்லிமீற்றர் இடைவெளிக்குரிய நுண்முட்களுக்கு இதன் அச்சுப் பெரிதாகிவிடும். மூன்றாவது, யப்பானில் செய்யப்படும் எஞ்ஜினியர் பி.ஏ. 09 போன்றது. பூட்டு இல்லை, 1.0 முதல் 1.9 மில்லிமீற்றர் வரை பல அளவு அச்சுக்கள் உண்டு. செம்பிழையைப் பற்றும் சிறகையும், மேலுறையைப் பற்றும் சிறகையும் தனித்தனியே நெரிக்க வேண்டும். பொறுமையுள்ள கைக்கு இது பல குறடுகளின் வேலையைச் செய்யும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குச் செல்வோர் வெறுங்கையோடு செல்லலாகாது. தாம் பயன்படுத்தும் கம்பியையும் பத்து முட்களையும் கொண்டுசென்று, கடையிலேயே நெரித்துப் பார்க்க இசைவு கேட்க வேண்டும். சிறகுகள் இரண்டும் உள்நோக்கிச் சுருண்டு செம்பினுள் அமிழ்ந்திருத்தல் வேண்டும். ஓரிழையும் அறுந்திருக்கலாகாது. மேலுறைச் சிறகு உறையைப் பிடிக்கலாமேயன்றித் துளைக்கலாகாது. வீட்டில் ஒரு சோதனையும் செய்யலாம். 0.33 சதுர மில்லிமீற்றர் கம்பியில் நெரித்த முள், நான்கு கிலோ நிறையைத் தொங்கவிட்டாலும் கழலாதிருப்பின் குறடு நன்று.

ஒன்றை மறத்தலாகாது. அரச முத்திரை வைத்த தராசைத் திறக்க, அதற்குரிய அனுமதி பெற்றவருக்கே உரிமை உண்டு. மற்றையோர் தம் கைத்திறனை வானொலியிலும் விளக்கிலும் முச்சக்கர வண்டியிலும் காட்டுவாராக.

விலை மிகுந்தது நல்ல குறடு என்பதில்லை. முள்ளுக்குப் பொருந்துவதே நல்ல குறடு. விடியற்காலையில் ஈரக்கையோடு தராசின் முன் நிற்கும் மீன்காரியின் கூலி, கண்ணுக்குத் தெரியாத அந்நான்கு முட்களில் தங்கியிருக்கின்றது. இதை உணர்ந்து நெரிப்பவனே தொழிலாளி.