ஆற்றுக்கும் குழாய்க்கும் நடுவே

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நாம், புதிய ஊரில் முதன் முதலாக விசாரிப்பவை மூன்று விஷயங்கள். வாடகை என்ன? பள்ளிக்கூடம் எங்கே? தண்ணீர் எப்போது வரும்? முதல் இரண்டுக்கும் விடை கிடைத்ததும் அவற்றை மறந்துவிடுகிறோம். மூன்றாவது கேள்வி மட்டும் ஆண்டுகள் பல கழிந்தும் நம்மை விட்டு அகல்வதில்லை. தில்லியில் இருபது ஆண்டு வாழ்ந்த குடும்பமும் குழாயின் ஓசைக்குச் செவி சாய்த்தே விடியற்காலையில் கண் விழிக்கிறது.

நீர் போதவில்லை என்றாலும், கலங்கி வருகிறது என்றாலும், பெரியதொரு சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் குறை தீர்ந்துவிடும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் கோடிக்கணக்கான ரூபாய் செலவிடப்படுகிறது. திறப்பு விழா நடைபெறுகிறது. பிறகும் நம் வீட்டுக் குழாயில் நிலைமை மாறாதபோது, பணம் எங்கே போயிற்று என்று கேட்கிறோம். இதற்கு விடை காணத் தலைநகரின் அனுபவத்தையே இன்று எடுத்துக்கொள்வோம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களுக்கும் இது பயன்படும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது நமக்கு முற்றிலும் புதியதன்று. கலங்கிய நீரைத் தெளிய வைக்க நம் பாட்டிமார் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தார்கள். அந்த வேலையை இங்கே படிகாரமும் அதன் இனத்தைச் சேர்ந்த உப்புகளும் செய்கின்றன. அவை நீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்களை ஒன்று சேர்த்துத் திரளாக்குகின்றன. திரண்டவை அடியில் படிகின்றன. தெளிந்த நீர் மணற்படுகையின் வழியே வடிகிறது. எஞ்சிய கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. நம் நகரங்களில் ஆற்று நீரைக் குடிநீராக்கும் பெரும்பாலான நிலையங்களின் சாரம் இவ்வளவே.

இந்த முறையால் மண்ணையும் பெரும்பாலான கிருமிகளையும் நீக்க முடியும். ஆனால் இல்லாத நீரை உண்டாக்க அதனால் இயலாது. சாக்கடையாகிவிட்ட ஆற்றை மீண்டும் ஆறாக்கவும் இயலாது. தன் வாயிலைக் கடந்து சென்ற நீரை வழியில் காவல் காக்கவும் இயலாது. குடிநீர் வழங்கலில் ஆறு தலை, நிலையம் உடல், தெருக்குழாய் கால். உடலுக்கு மட்டும் பட்டாடை உடுத்தி, தலையையும் காலையும் நாம் கவனியாது விட்டால் என்ன நேரும் என்பதைத் தில்லியில் காணலாம்.

யமுனையின் கீழ்க்கரையில் சோனியா விஹார் என்னும் இடத்தில் ஒரு பெரிய நிலையம் உள்ளது. நாளொன்றுக்கு 14 கோடி காலன், அதாவது ஏறக்குறைய 63 கோடி லிட்டர் நீரைத் தூய்மையாக்கும் திறன் வாய்ந்தது. தென் தில்லிக்கும் கிழக்குத் தில்லிக்கும் நீர் அளிப்பதற்காக அமைந்தது. ஆனால் அதற்கு வேண்டிய நீர் அருகிலுள்ள யமுனையிலிருந்து வருவதன்று. இமயத்தில் பாகீரதியின் குறுக்கே கட்டப்பட்ட தெஹ்ரி அணையில் தேங்கி, கங்கையில் இறங்கி, ஹரித்வாரில் மேல் கங்கைக் கால்வாயில் திரும்பி, முராத்நகரில் பெருங்குழாயினுள் புகுந்து வரவேண்டும். நிலையத்தின் யந்திரங்கள் தயாராகிவிட்டன. நீர் வரவில்லை. தெஹ்ரி அணையின் சுரங்க வழி 2005 அக்டோபரில்தான் மூடப்பட்டு நீர் தேங்கத் தொடங்கியது. 2006-ஆம் ஆண்டில்தான் நிலையத்திற்கு வேலை கிடைத்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே சட்டி ஒரு மாநிலத்தில் இருந்தது, அகப்பை வேறொரு மாநிலத்தில் இருந்தது.

நீர் வந்த பிறகும் கவலை ஒழியவில்லை. மேல் கங்கைக் கால்வாய் 1854-இல் பாசனத்திற்காகத் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் தசராவை ஒட்டிச் சில வாரங்கள் அதனை அடைத்துத் தூர் எடுப்பது வழக்கம். அந்த நாட்களில் சோனியா விஹார் நிலையமும், அதே கால்வாயை நம்பியிருக்கும் பாகீரதி நிலையமும் கை குறைந்து நிற்கின்றன. வீட்டில் கொலு வைத்து விருந்தினரை அழைக்கும் வேளையிலே குழாய் மெலிந்து ஒழுகுவதன் காரணம் இதுதான். 2021 பிப்ரவரியில் உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் பெருவெள்ளம் பாய்ந்தபோது, மலையிலிருந்து வந்த சேற்றினால் நீரின் கலங்கல் அளவு எண்ணாயிரம் வரை ஏறிற்று. வழக்கமாக அது நூறு அளவிலே இருப்பது. இரு நிலையங்களும் தம் வேலையைக் குறைத்துக்கொண்டன. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், ஹரியானாவில் எழுந்த கிளர்ச்சியின்போது மூனக் கால்வாய் சேதமுற்று, தில்லியின் வேறு பல நிலையங்கள் நீரின்றி நின்றதும் பலருக்கு நினைவிருக்கும்.

நீரின் அளவைப் பற்றி இதுவரை பார்த்தோம். அதன் தரத்தைப் பற்றிய கதை இதனினும் கொடியது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியிலே மஞ்சட்காமாலை பரவிற்று. சில வாரங்களில் நோய் வெளிப்படையாகத் தெரிந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 29,000 பேர். வெள்ளத்திற்குப் பிறகு யமுனையின் ஓட்டம் ஒதுங்கியதால், நஜஃப்கட் வாய்க்காலின் சாக்கடை நீர் மேல்நோக்கிப் பின்வாங்கி, வஜீராபாத்தில் நகருக்கு நீர் எடுக்கும் இடத்தை எட்டிவிட்டது. நிலையத்தில் இருந்தவர்கள் வாளா இருக்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். அதன் பயனாக டைபாய்டு பெருகவில்லை. ஆனால் மஞ்சட்காமாலையின் நச்சுக்கிருமி அந்தத் தடைகளைத் தாண்டிவிட்டது. கருவுற்ற பெண்களே இந்நோய்க்கு மிகுதியாகப் பலியானார்கள். அது இன்று ஹெபடைடிஸ் ஈ என்று வழங்கும் நோய் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே புலப்பட்டது. அந்தத் துயரத்திற்குப் பிறகு, 1959-இல், சாக்கடை பின்வாங்கி ஏறாதபடி வஜீராபாத்தில் யமுனையின் குறுக்கே தடுப்பணை எழுந்தது. நிலையத்தினுள் செய்த முயற்சியால் முடியாததை, ஆற்றில் செய்த ஒரு திருத்தம் முடித்துத் தந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனினும் அணைக்கு மேலிருந்தே அழுக்கு வந்தால் என் செய்வது? ஊர்க் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் கலப்பதால் யமுனை நீரில் அம்மோனியா ஏறுகிறது. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் என்ற அளவுக்கு மேற்பட்டால், வஜீராபாத், சந்திராவல் ஆகிய இடங்களில் உள்ள பழைய நிலையங்கள் திணறுகின்றன. அம்மோனியா குளோரினைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஒரு பங்கு அம்மோனியாவை நீக்க எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் செலவாகிறது. கிருமியைக் கொல்ல விட்ட மருந்து அம்மோனியாவோடு போராடியே தீர்ந்துவிடுகிறது. ஆகவே அளவு மீறிய நாட்களில் நீர் எடுப்பதைக் குறைப்பதன்றி அவற்றுக்கு வேறு வழியில்லை. இதற்கென்று புதிய யந்திரங்களை அமைக்கலாம். அமைப்பதும் வேண்டியதே. ஆனால் ஆற்றிலே கழிவைக் கலக்க ஒரு செலவு, அதனைப் பிரித்தெடுக்க மற்றொரு செலவு என இரண்டையும் குடிமக்களே சுமக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

இனிக் காலுக்கு வருவோம். நிலையத்தை விட்டு நல்ல நீரே புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நம் தெருவை அடைவதற்குள் பல மைல் குழாயைக் கடக்கிறது. தில்லியில் வழங்கப்படும் நீரில் ஏறக்குறைய பாதி, கசிவினாலும் களவினாலும் அளவைக் கருவி இன்மையாலும் கணக்கிலே சேர்வதில்லை. அதனினும் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டும் நீர் விடும்போது, எஞ்சிய நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. நிறைந்த குழாயில் ஓட்டை இருந்தால் நீர் வெளியே கசியும். வெறுங்குழாயில் ஓட்டை இருந்தால் வெளியேயுள்ள சாக்கடை உள்ளே கசியும். போதாக்குறைக்கு நாம் பொதுக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறோம். அந்த இழுப்பிலே அடுத்த வீட்டாரின் பங்கு மட்டுமன்றி, பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வந்துவிடுகிறது. மோட்டார் சட்டத்திற்குப் புறம்பானது என்று நாம் அறியாமல் இல்லை. அடுத்தவர் வைத்திருக்கிறார், நாம் வைக்காவிட்டால் நமக்கு நீர் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

வசதியுள்ள வீடுகளில் இப்போது வடிகட்டும் யந்திரம் சுவரிலே தொங்குகிறது. நகரம் ஒரு பெரிய நிலையம் கட்டியது போதாதென்று, வீட்டுக்கு வீடு ஒரு சிறிய நிலையம் கட்டிக்கொண்டோம். அவற்றுள் பல, தூய்மையாக்குவதைக் காட்டிலும் மிகுதியான நீரைக் கழிவாகத் தள்ளுகின்றன. அந்த யந்திரம் வாங்க இயலாத குடும்பமோ லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நிற்கிறது. பொதுக் குழாய் தூயதாக இருந்தால்தான் அந்தக் குடம் தூயதாகும். ஆகவே இதனை நம் வீட்டுக் காரியமாக மட்டும் எண்ணிவிடுவது நியாயமாகாது.

நம் பக்கத்து ஊர்களில் குடிப்பதற்கென்று தனி ஊருணி வைத்திருந்தார்கள். அதில் துணி துவைப்பதில்லை, மாடு குளிப்பாட்டுவதில்லை, கால் கழுவுவதும் இல்லை. நீரைக் கெடுத்துவிட்டுப் பின் தெளிய வைப்பதைவிட, கெடாமல் காப்பதே எளிது என்பது அவர்கள் கண்ட உண்மை. இன்று நமது ஊருணி நூற்றுக்கணக்கான மைல் நீண்டு, பல மாநிலங்களின் வழியே வருகிறது. கரையிலே காவல் வைத்தவர்களின் வழிவந்த நாம், காவலைக் கைவிடலாமா?

காவல் என்றால் யாது? புதிய நிலையம் திறக்கப்படும் என்று கேள்வியுறும்போது மூன்று கேள்விகளை நம் குடியிருப்போர் சங்கத்தின் வாயிலாகக் கேட்கலாம். அதற்கு நீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த ஒப்பந்தத்தின்படி வருகிறது? அந்த நீரில் உள்ள எந்தெந்தக் கேட்டினை நீக்கும் திறன் அதற்கு உண்டு? அதிலிருந்து புறப்படும் குழாய்களின் வயது என்ன? இவற்றுக்கு விடை இல்லையெனில், விழாவுக்குப் பின் ஏமாற்றமே எஞ்சும்.

நம் வீட்டளவிலும் செய்யத் தக்கவை உண்டு. பொதுக் குழாயில் பொருத்திய மோட்டாரை அகற்றி, தரைத்தொட்டியில் நீர் விழச்செய்து அதிலிருந்து மேலே ஏற்றிக்கொள்ளலாம். தொட்டிகளைக் காலந்தோறும் கழுவலாம். குழாயின் கடைக்கோடியில் நீரைச் சோதிக்கும்படி கேட்கலாம். சில துளி மருந்து விட்டால் நிறம் மாறும் எளிய சோதனைதான். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அது அறவே இல்லையெனில், வழியில் எங்கோ அழுக்குக் கலந்திருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும். நீர் நிறம் மாறியோ நாறியோ வந்தால், அன்றைக்கே புகார் எழுதி, அதன் எண்ணைக் குறித்து வைக்கலாம். குறை தீரும் வரை, நீரைக் கொதி வந்த பின் ஒரு நிமிடமேனும் அடுப்பில் வைத்து இறக்கி ஆறவிட்டே குடிக்க வேண்டும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இதில் சற்றும் அசட்டை கூடாது.

நாம் பிறந்த ஊர் வேறாயினும், இன்று நம் குழந்தைகள் குடிக்கும் நீர் இந்த ஊரின் நீர். இதன் ஆறு நம் ஆறு, இதன் குழாய் நம் குழாய். இரண்டையும் நம்முடையவை என்று கருதிக் காப்போமானால், நடுவே நிற்கும் நிலையத்திற்குச் செலவிட்ட பணமும் பயன் தரும்.