அம்மாவிடம் மறைக்காதீங்க, கூடவே இருங்க
(நாகமலை புதுக்கோட்டையில் மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் மகள்களிடமும் மகன்களிடமும்தான் பேசப்போகிறேன். அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. பயாப்சி முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் என்று எழுதியிருக்கிறது. ரிப்போர்ட் உங்கள் போனில் இருக்கிறது, அம்மா அடுப்படியில் இருக்கிறார். இப்போது என்ன செய்வீர்கள்?

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க" என்று முடிவெடுப்போம். சித்தப்பா, மாமா, அத்தை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தகவல் போய்விடும். யாருக்கு நோயோ, அவருக்கு மட்டும் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அக்கா ஒரு வார்த்தை பேசினாலே அம்மாவுக்குப் புரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் நிஜத்தைச் சொன்னாலும் நம்புவது கஷ்டம். ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் சம்மதம் தர வேண்டியவரும் அவர்தான். எதற்காக என்றே தெரியாமல் வாந்தியையும் முடி கொட்டுவதையும் எப்படித் தாங்குவார்? பாதியிலேயே "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று நிறுத்திவிடக்கூடும்.

அதனால் சொல்லிவிடுங்கள். வீட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, போனை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "அம்மா, இது புற்றுநோய்தான். இதுக்கு வைத்தியம் இருக்கு. நான் கூடவே வர்றேன்." இவ்வளவு போதும். அழுதால் அழட்டும், அவசரமாகத் தேற்ற வேண்டாம். யாருக்கெல்லாம் சொல்லலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அம்மா கேட்கும் கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். "பேரப்பிள்ளைக்கு ஒட்டிக்கிருமா?" ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளலாம். "மார்பையே எடுத்துருவாங்களா?" எல்லாருக்கும் அப்படி இல்லை. கட்டியின் அளவையும் நோயின் நிலையையும் பார்த்து, சிலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுப்பார்கள். "உனக்கும் வந்துருமோ?" பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை. ஆனாலும் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, உங்கள் கையில் இருக்கிற போன். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் படம் எடுத்து ஒரே இடத்தில் தேதி வாரியாக வையுங்கள். அசல் காகிதங்கள் ஃபைலில் இருக்கட்டும். டாக்டரிடம் கேட்க வேண்டியதை முதல் நாளே எழுதி வையுங்கள்: எத்தனையாவது நிலை? ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பரிசோதனை முடிவு என்ன? முதலில் ஆபரேஷனா, கீமோவா? எத்தனை முறை வர வேண்டும்? யூடியூபில் வருகிற "பத்தே நாளில் கரையும்" வைத்தியங்களை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நாட்டு மருந்து ஏதாவது கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

பணக் கவலையால்தான் பல அம்மாக்கள் கட்டியையே மறைக்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. புற்றுநோய் சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது.

மதுரையில் கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ரேடியேஷன் என்றால் வாரத்தில் ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் போய்வர வேண்டியிருக்கும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. ஆனால் தினமும் கூடப் போக ஆள் வேண்டுமே! திங்கள் யார், செவ்வாய் யார் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு மகள் தலையிலேயே கட்டாதீர்கள். தம்பிகளும் மருமகன்களும் அப்பாவும் அந்த முறையில் இருக்கட்டும்.

கீமோ நடக்கும் காலத்தில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டு அம்மாவை மூலையில் உட்கார வைத்துவிடவும் வேண்டாம். பாரமான வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வதும் பேரனுக்குச் சோறு ஊட்டுவதும் அவருக்குப் பிடித்திருந்தால் செய்யட்டும்.

நம்ம ஊர்ப் பெயரிலேயே இருக்கிற இன்னொரு புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை வீட்டுக்குள் மூடி வைக்காமல் ஊரறியப் பேசினார், நிதி திரட்டினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது. அவ்வளவு பெரிய காரியத்தை நாம் எல்லாரும் செய்ய முடியாது. நோயின் பெயரை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல நம்மால் முடியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். இந்த வாரம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நீங்களும் போய்வாருங்கள். வீட்டுக்குப் போனதும் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வையுங்கள்.