பிறக்கும் குழந்தைக்கு நோய் தொற்றாமல் இருக்க...



போன கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "டாக்டரம்மா, என் சம்சாரத்துக்கு ரத்தத்துல மஞ்சள் காமாலை பி கிருமி இருக்குதாம். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா புள்ளைக்கு ஒட்டாதுன்னு சொல்றாங்க. காட்டை அடமானம் வெச்சாவது பண்ணிடலாமுங்களா?"

"வேண்டாம் தம்பி" என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இக்கிருமி பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் தாயின் ரத்தம், நீர் வழியாகக் குழந்தையைச் சேர்கிறது. ஆபரேஷனிலும் ரத்தம் உண்டல்லவா? ஆகவே இந்தக் கிருமிக்காக மட்டும் வயிற்றைத் திறக்கத் தேவையில்லை.

குழந்தையைக் காப்பது தடுப்பூசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதைப் போட்டுவிட வேண்டும். தாய்க்குக் கிருமி இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் உண்டு. பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் தடுப்பூசி தொடர வேண்டும். "பச்சை மண்ணுக்கு முதல் நாளே ஊசியா?" என்று பாட்டிமார் தடுப்பார்கள். தடுக்காதீர்கள்! பிறக்கும்போதே கிருமி தொற்றிய 10 குழந்தைகளில் சுமார் 9 பேரிடம் அது நிலைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வளர்ந்தபின் ஈரல் கெடும், புற்றுநோயும் வரலாம். இந்தத் தாய்மார்கள் தாய்ப்பால் கொடுக்கலாம்.

எச்.ஐ.வி. கிருமியின் கதை சற்று வேறு. வலி வருமுன்னே ஆபரேஷன் செய்தால் தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று 1999-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் மாத்திரை அதைவிடப் பெரிய காவல். சிகிச்சையே இல்லாவிட்டால் 100-க்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். தாய் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் 5-க்கும் கீழே குறைந்துவிடும். ரத்தத்தில் கிருமி அடங்கியிருந்தால் சுகப்பிரசவமே போதும். பாலூட்டுவது பற்றி மட்டும் டாக்டரைக் கேட்டு நடக்க வேண்டும்.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடாமல் கிருமி மிகுந்திருந்தாலோ, பிரசவ வலி வரும்போது பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் கொப்புளம் இருந்தாலோ டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்லலாம். அப்போது தயங்காதீர்கள்.

ஆகவே, கர்ப்பம் என்று தெரிந்தவுடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் பிரசவம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கே வாருங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை: கிருமி இருக்கிறது என்றால் மனைவியைக் குறை சொல்லாதீர்கள். நீங்களும் உடன் வந்து சோதித்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி அப்படித்தான் செய்தார். காடு அடமானம் போகவில்லை. குழந்தைக்கு முதல் நாளே ஊசியும் போட்டாயிற்று.