பறக்காத விமானங்களின் சித்திரங்கள்

நடந்ததைக் கூறுவது சரித்திரம். நடக்காததைக் கூறுவது கதை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று உண்டு. நடந்திருக்கக்கூடியதைக் கூறுவதே அது. அதனைச் சொல்லால் மட்டுமின்றிச் சித்திரத்தாலும் கூறுகின்ற ஒரு பொழுதுபோக்கு இன்று உலகின் பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஆண்டர்சன்பேட்டையிலும் தங்கவயலின் பிற பேட்டைகளிலும் வளர்ந்து, இன்று மும்பை, தில்லி, கொல்கத்தா என்று பல ஊர்களில் வாழும் நம்மவர்க்கு, இக்கலையில் அயலார் அறியாத ஓர் உரிமை உண்டு என்பது என் எண்ணம். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் அக்கலை இன்னதென்று சொல்ல வேண்டும். ஒரு போர் விமானத்தின் பக்கத் தோற்றத்தை, மூக்கு நுனியிலிருந்து வால்வரை, அளவு பிசகாமல் வரைவார்கள். முன்னாளில் பேனாவும் தூரிகையும் கொண்டு வரைந்தனர். இப்பொழுது பெரும்பாலோர் கணினியில் வரைகின்றனர். தகடுகள் பொருந்தும் கோடுகள், ஆணி வரிசைகள், புகை படிந்த கறை, படைச்சின்னம், வாலில் எழுதிய எண் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். படத்தின் கீழே நான்கைந்து வரிகள் எழுதப்படும்: இன்ன ஆண்டில், இன்ன தளத்தில், இன்ன அணியில் இவ்விமானம் பணியாற்றியது என்று. படத்தைப் பார்த்தால் நிழற்படமோ என்று ஐயம் எழும். ஆனால், அத்தகைய விமானம் ஒருநாளும் பறந்ததில்லை. சிலவற்றில் ஒன்றுகூடக் கட்டப்பட்டதில்லை.

இக்கலைஞர்கள் அடிக்கடி நாடும் விமானங்கள் சில உள. கானடா நாட்டின் ஆரோ என்னும் விமானம் 1958-ல் பறந்தது. 1959-ல் அரசாங்கம் அத்திட்டத்தையே கைவிட்டு, செய்த விமானங்களையும் உடைத்தெறிந்தது. பிரிட்டனின் டி.எஸ்.ஆர்.-2, 1964-ல் பறந்து 1965-ல் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மானியப் பொறியியலார் மேசைகளில் காகிதமாகவே நின்றுவிட்ட திட்டங்கள் இன்னும் பல. அவற்றுள் ஒன்றை வரைந்தவர் கர்ட் டாங்க். போர் முடிந்தபின் அவர் அர்ஜெண்டினா சென்றார். தம் பழைய கற்பனையின் சாயலில் அங்கு ஒரு விமானத்தைச் செய்து 1950-ல் பறக்கவும் விட்டார். 1955-ல் அந்நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு அவர் வந்து சேர்ந்த ஊர் பெங்களூர்.

மாரிக்குப்பத்தில் ரயிலேறினால் பங்காருப்பேட்டை வழியாகச் சில மணி நேரத்தில் நாம் அடையும் பெங்களூரில்தான், 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசாங்கத்தின் துணையுடன் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1951-ல் டாக்டர் காட்கே வடிவமைத்த எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் அங்கிருந்து பறந்தது. டாங்க் வந்தபின் எடுத்துக்கொண்ட பணி பெரிது. ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகமும், அறுபதாயிரம் அடி உயரமும் எட்டவல்ல போர் விமானம் ஒன்று வேண்டும் என்று விமானப் படை கேட்டது. அதன் விளைவே எச்.எப்.-24. காற்றின் தேவர்களாகிய மருத்துக்களின் பெயரால் அதற்கு 'மாருத்' என்று பெயரிட்டனர். 1961 ஜூன் 17-ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் என்ற விமானி அதன் முதல் மாதிரியைப் பெங்களூர் வானில் செலுத்தினார்.

விமானம் அழகியது. அதன் வரைகோடுகளைப் பார்க்கும் எவரும் அது வேகத்திற்கென்றே பிறந்தது என்று கூறுவர். குறையெல்லாம் எஞ்சினில் இருந்தது. டாங்க் தம் விமானத்திற்கென எண்ணியிருந்தது பிரிட்டனின் ஆர்பியஸ்-12 என்னும் எஞ்சின். அது 6,810 இறாத்தல் உந்துவிசையும், பின்னெரிப்பு மூட்டும்போது 8,170 இறாத்தலும் தரவல்லது. பிரிட்டிஷார் அதன் ஆக்கத்தை நடுவழியில் நிறுத்தினர். எஞ்சியிருந்த செலவை ஏற்பதற்கு நம் அரசாங்கமும் முன்வரவில்லை. முடிவில், பின்னெரிப்பு இல்லாத பழைய ஆர்பியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றின் விசையும் 4,850 இறாத்தல். இருமடங்கு வேகத்திற்கென்று பிறந்த விமானம், மட்டமாகப் பறக்கையில் ஒலியின் வேகத்தை நெருங்குவதோடு நின்றுவிட்டது.

கற்பனைச் சித்திரக்காரருக்கு இதைவிட நல்ல வாயில் வேறு வேண்டுமோ? "ஆர்பியஸ்-12 கிடைத்திருந்தால்?" என்ற ஒரே ஒரு வினா போதும். ஆனால் வரைய உட்கார்ந்தவுடன்தான் வேலையின் கடுமை தெரியும். பின்னெரிப்புக் குழாய் நீளமானது. ஆகவே விமானத்தின் பின்னுடல் நீள வேண்டும். வாயில் அகல வேண்டும். மிகுந்த காற்றை உள்ளே இழுப்பதற்குப் பக்கத்திலுள்ள காற்றுவாய்களும் பெருக்க வேண்டும். பின்னெரிப்பு எரிபொருளை வாரிக் குடிக்கும். எனவே, தொட்டி பெரிதாக வேண்டும், அல்லது இறக்கையின் கீழ்த் தனித் தொட்டிகளைத் தொங்கவிட வேண்டும். எடை ஏறினால் சக்கரமும் அதைத் தாங்கும் கால்களும் தடிக்கும். அவை மடங்கி ஒடுங்குவதற்கு இடம் எங்கே? எஞ்சின் ஒன்றை மாற்றப் புகுந்தவன் விமானம் முழுவதையும் மாற்றி வரைந்தவனாகிறான். பழைய மாருத்தின் படத்தை எடுத்து வாலில் தீக்கொழுந்து ஒன்றைத் தீட்டிவிட்டுப் "புதிய மாருத்" என்று பெயரிடுவது சித்திரம் ஆகாது, அது சோம்பல். ஒன்றே ஒன்றை மாற்று, அதனால் மாற வேண்டியவை அனைத்தையும் மாற்று, மாறக் கூடாததைத் தொடாதே என்பதே நான் காணும் விதி.

இத்தகைய கட்டுப்பாட்டோடு வரைந்தவன், விமானம் ஏன் தோற்றது என்பதையும் உள்ளபடி அறிந்துகொள்வான். மாருத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் வழங்குகின்றன. அயலார் சூழ்ச்சியால் கெட்டது என்பது ஒன்று. நமக்குத் திறமை போதவில்லை என்பது மற்றொன்று. காகிதத்தில் ஒரு மாதம் அதனோடு போராடியவன் இரண்டையும் எளிதில் ஏற்கமாட்டான். உடலை ஓரிடத்திலும் உயிரை வேறோரிடத்திலும் எதிர்பார்த்துச் செய்த விமானம் அது. எஞ்சினுக்காக நாம் எகிப்து வரை சென்றோம். பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியப் பொறியியலார் அங்கே ஈ-300 என்ற எஞ்சினை ஆக்கி வந்தார். நம் மாருத் ஒன்று அங்கே அனுப்பப்பட்டு, ஒரு பக்கம் எகிப்திய எஞ்சினும் மறு பக்கம் ஆர்பியஸும் பூண்டு 1967-ல் பறந்தது. மெசர்ஷ்மிட் வடிவமைத்த எகிப்தியப் போர் விமானமாகிய எச்.ஏ.-300-ஐ 1964-ல் முதன்முதல் வானில் ஏற்றியவரோ கபில் பார்கவா என்னும் இந்திய விமானி! ஜெர்மானியர் வரைந்து, ஆஸ்திரியர் எஞ்சின் ஆக்க முயன்று, எகிப்தியர் கட்டி, இந்தியர் செலுத்திய விமானம். இதை ஒருவர் கற்பனையாக எழுதியிருந்தால், மிகை என்று நாம் தள்ளியிருப்போம்.

மெய்யே கற்பனையை வென்ற இன்னொரு காட்சி நமக்கு மிக அண்மையில் உளது. இரண்டாம் உலகப் போரில், 1941-ல், பிரிட்டிஷ் விமானப் படையின் 129-ஆம் அணிக்கு 'மைசூர்' என்று பெயர் சூட்டினர். இங்கிலாந்து வானில் ஸ்பிட்பயர் விமானங்களை ஓட்டிய அவ்வணி ஏற்ற சின்னம் எது தெரியுமா? மைசூர் அரசின் இரு தலைப் பறவையாகிய கண்டபேரண்டமே! சென்னை மாகாணத்தின் பெயர் தாங்கிய அணிகளும் அப்படையில் இருந்தன. கண்டபேரண்டம் உலாவிய அணியின் ஸ்பிட்பயரை இன்று ஒரு சிறுவன் வரைந்து காட்டினால், பெரியவர்கள் "இது நீ கட்டிய கதை" என்றே சிரிப்பார்கள்.

இங்கேதான் எனக்கு ஓர் அச்சம் உண்டாகிறது. மெய்ப்படமும் பொய்ப்படமும் ஒரே கைவண்ணத்தில் அமைந்து, ஒரே தோற்றத்தில் உலவும்போது, கீழேயுள்ள வரிகள் கழன்று விழுந்தால் என்ன ஆகும்? படம் கைமாறும், வரிகள் விடுபட்டுப் போகும். பத்தாண்டு கழித்து ஒரு மாணவன் ஆர்பியஸ்-12 பூண்ட மாருத் 1965 போரில் பறந்தது என்று தேர்வில் எழுதுவான். உண்மையில் மாருத் படையணியில் சேர்ந்ததே 1967-ல்தான். அது போர் கண்டது 1971-ல். ராஜஸ்தான் எல்லையில் தரைப்படைக்குத் துணை நின்று அது ஆற்றிய பணி கற்பனை அன்று. ஆகவே, 'கற்பனை' என்ற சொல்லைப் படத்தின் கீழே எழுதுவதோடு நில்லாமல், படத்துக்குள்ளேயே, விமானத்தின் எண்ணை ஒட்டி எழுதிவிட வேண்டும் என்பேன். அழகு கெடும் என்பர் சிலர். கெடட்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சிலர் தம் கற்பனை விமானத்தின் பக்கவாட்டில், வீழ்த்திய எதிரி விமானங்களின் கணக்காகச் சிறு சிறு கொடிகளைத் தீட்டுகின்றனர். மெய்யான போர்களில் மெய்யாகவே மாண்டவர்கள் இருபுறமும் இருக்கிறார்கள். இல்லாத வெற்றியை எண்ணிக் காட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. மாருத்திற்குப் பின்னெரிப்பு வேண்டும் என்னும் முயற்சி பெங்களூரில் கற்பனையாக நிற்கவில்லை; அதனைப் பொருத்திப் பார்த்தார்கள். 1970 ஜனவரி 10-ஆம் நாள், அவ்வாறு பொருத்திய விமானத்தில் மேலெழுந்தபோது சுரஞ்சன் தாஸ் விபத்தில் உயிர் நீத்தார். நாம் பென்சிலால் நீட்டுகின்ற அந்தப் பின்னுடலுக்குள் ஒரு மனிதர் உயிர் போயிருக்கிறது.

இனி, தங்கவயலார்க்கு உள்ள உரிமையைக் கூறுகிறேன். பக்கத் தோற்றம் வரைவதும், கண்ணுக்குத் தெரியாததை அளவோடு காட்டுவதும் நம் ஊரார்க்குப் புதியன அல்ல. சுரங்கத்தின் வரைபடம் என்பது என்ன? பூமியை நெடுக்குவாட்டில் அறுத்தாற்போல் காட்டும் பக்கத் தோற்றம்தானே? சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் தங்க ரேகை இப்படித்தான் சாய்ந்து போகும் என்று காகிதத்தில் ஊகித்து வரைந்து, அக்கோட்டை நம்பி மனிதர்களைக் கீழே இறக்கினார்கள். கோடு பொய்த்தால், பாறை வெடித்தால், அதன் விலையைப் பேட்டைகளின் வீடுகள் அறியும். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபின், "மூடாதிருந்தால்?" என்று நம்மவர் கேட்காத நாள் இல்லை. அவ்வினாவுக்கும் மேற்சொன்ன விதி பொருந்தும். சுரங்கத்தைத் திறந்து வைத்துக் கற்பனை செய்பவன், ஆழத்தில் குறைந்துகொண்டே வந்த தங்கத்தின் அளவையும், ஏறிக்கொண்டே போன செலவையும், ஆழத்தின் வெப்பத்தையும் சேர்த்தே வரைய வேண்டும். நடந்தவற்றுள் நல்லதையும் மறத்தல் ஆகாது. 1964-ல் பிறந்த பாரத் எர்த் மூவர்ஸ், இந்துஸ்தான் நிறுவனத்தின் ரயில்பெட்டிப் பிரிவைத் தன்னுள் ஏற்றது. அதன் தொழிற்சாலை நம் தங்கவயலிலும் எழுந்தது. விமானத்தில் கை வைத்த நிறுவனத்தின் ஒரு கிளையில் நம் பிள்ளைகள் மண்வாரி எந்திரங்களைச் செய்தார்கள்.

இத்தகைய வரைபடங்களால் பயன் உண்டா என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. 1950-களில் சென்னை குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி ஒரு மாணவர் குழுவுக்குத் தரப்பட்டது. வேலை மெத்தனமாக இருப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் தவணை விதித்தார். குழுவிலிருந்த ஓர் இளைஞர் ஊண் உறக்கம் மறந்து வரைபடத்தை முடித்தார். அவ்விளைஞரே, நம் விமானத்தை நாமே செய்வோம் என்னும் பொருளில் தமிழில் ஒரு கட்டுரை எழுதி, கல்லூரித் தமிழ்ச் சங்கப் போட்டியில் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசு பெற்றார். பின்பு பெங்களூர் இந்துஸ்தான் நிறுவனத்தில் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிப் பயிற்சி பெற்றார். அவர் அப்துல் கலாம். அவர் அன்று மேசையில் வரைந்த விமானமும் பறக்கவில்லை.

வெளியூர்களிலிருந்து விடுமுறைக்குத் தங்கவயல் வரும் பிள்ளைகளைத் திரும்பும் வழியில் ஒரு நாள் பெங்களூரில் தங்கவைத்து, இந்துஸ்தான் நிறுவனத்தின் விமானக் காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாருத் அங்கே நிற்கிறது. கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். முதலில் உள்ளதை உள்ளபடி வரையட்டும். காற்றுவாய், இறக்கையின் சாய்வு, வாலின் வட்டம் அனைத்தையும். அடுத்த பக்கத்தில் அவர்கள் என்ன வரைகிறார்கள் என்பதை அவர்களிடமே விட்டுவிடலாம்.