அப்பாவின் தோல் ஷாப்பும் என் ஆய்வுக்கூடமும்

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உயிர் மருத்துவப் பொறியியல் படித்தவர், திசு ஆய்வு செய்தவர், பல வருஷமாகப் பாடம் நடத்துகிறவர் என்று தோழர் என்னை அறிமுகப்படுத்தினார். எல்லாம் சரிதான். விட்டுப்போனது ஒன்று. என் அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். இருபது வருஷமாக எந்த வகுப்பறையிலும் நான் அதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை, இப்போது ஏன் சொல்கிறேன் என்பதுதான் இன்றைய என் பேச்சு.

அப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. விரல் இடுக்கெல்லாம் புண். ராத்திரி குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசையும்போது எரியும், முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவான். படிப்பென்றால் எனக்கு அந்த நாற்றத்திலிருந்து ஓடுவது. ஓடி ஓடி எங்கே போய் நின்றேன்? மறுபடியும் தோலில்தான்.

நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் அதுதான் நார். கொத்தனார் கட்டுகிற சாரம் மாதிரி. திசு ஆய்வில், விலங்கின் திசுவிலிருந்து செல்களைச் சோப்பு போன்ற ரசாயனங்களால் கழுவி எடுத்துவிட்டு, மிஞ்சிய சாரத்தில் புதுச் செல்களை வளர்க்கப் பார்க்கிறோம். இதை முதன்முதலில் எனக்கு விளக்கிய நாளில் பேச்சே வரவில்லை. அப்பா செய்தது என்ன? சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியையும் மேல்தோலையும் நீக்கி, ஒட்டிய சதையைச் சுரண்டி, நாரை மட்டும் நிறுத்துவது. அது அழுகாமலிருக்க ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் போடுவது. பட்டையிலிருக்கும் டானின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அப்பாவுக்குக் கொலாஜன் என்ற சொல் தெரியாது. தோலை மடித்துப் பார்த்து, "பட்டை இன்னும் உள்ள ஏறலடா" என்பார். அது அறிவில்லையா?

இன்னொன்று. இதய வால்வு பழுதானவர்களுக்குப் பொருத்தும் திசு வால்வுகளில் ஒரு வகை, மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்து செய்யப்படுகிறது. அந்த உறை கெட்டுப்போகாமலிருக்கவும், நம் உடம்பு அதை எதிர்க்காமலிருக்கவும் குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்துகிறார்கள். தோல் பதனிடவும் பயன்படுகிற அதே ரசாயனம்தான். 1960களின் கடைசியில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலென் கார்பாந்தியே இதய வால்வுக்கு இதைக் கொண்டுவந்தார். ஆக, பதனிட்ட மாட்டுத் திசு மனிதனின் நெஞ்சுக்குள்ளே துடிக்கிறது. அதை வைத்துக்கொள்பவர் என்ன சாதி என்று வால்வு கேட்பதில்லை. அவரும் வேண்டாமென்று சொல்வதில்லை. ஆனால் செத்த மாட்டைத் தொட்டவன் தீண்டத்தகாதவன்! 2002 அக்டோபரில் அரியானாவின் ஜஜ்ஜர் அருகே மாட்டுத்தோலின் பேரால் 5 தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டை உரித்ததற்காக நம் இளைஞர்களை ஊர் பார்க்கக் கட்டிவைத்து அடித்தார்கள். மாடு நெஞ்சுக்குள் போனால் விஞ்ஞானம், நம் கைக்கு வந்தால் குற்றம்.

கொலாஜனின் மூவிழை அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். உலகத் தரமான வேலை, மறுக்கவில்லை. அதற்கு உதவிய கங்காரு வால் தசைநாண் கிடைத்த இடம் அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். 1948இல் தொடங்கியது. தோல் தொழில் இருந்ததால்தான் அந்த நிலையம். தோல் தொழில் நின்றது யார் முதுகில்? புத்தகம் அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் 1936இலேயே காட்டினார். கையையும் புத்தகத்தையும் பிரித்ததும் அதே சாதிதான்.

இது இங்கே மட்டுமல்ல. அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்ற கறுப்பர். தச்சு வேலை செய்தவர். கல்லூரிக்கென்று சேர்த்த பணம் பொருளாதார வீழ்ச்சியில் போயிற்று. 1930இல் ஆல்ஃபிரட் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, பதிவேட்டில் போட்டதோ துப்புரவுப் பணியாளர் என்று. உடம்பு நீலம் பாய்ந்து சாகும் குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சையை விலங்குகளில் செய்து செய்து தேர்ந்தவர் அவர். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் குழந்தைக்குச் செய்தபோது, பிளேலாக்கின் பின்னால் நின்று வழி சொன்னவரும் அவரே. எத்தனையோ அறுவை மருத்துவர்களுக்குக் கைப்பக்குவம் கற்றுக்கொடுத்தார். கௌரவ டாக்டர் பட்டம் வந்ததோ 1976இல்.

தகுதி, தகுதி என்கிறார்களே, தகுதி எப்படி உண்டாகிறது? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்திலேயே எல்லாம் கிடைத்துவிடுகிறது. எந்த ஆய்வுக்கூடத்துக்கு எழுதணும், கடிதத்தை எப்படி ஆரம்பிக்கணும், நேர்காணலில் தெரியாத கேள்விக்கு எப்படி முழிக்காமல் பதில் சொல்லணும். நம் பிள்ளைக்கு இதை ஆசிரியர்தான் தரணும். தருகிறார்களா? டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்களின் நிலையை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களிடம் போதிய உதவி கிடைக்கவில்லை என்ற மாணவர்களின் குறை அதில் பதிவாகியிருக்கிறது. நாட்டின் முன்னணி மருத்துவக் கல்லூரியிலேயே இந்த லட்சணம்.

ஆனால் குற்றம் அவர்களிடம் மட்டுமில்லை. என் கதையைச் சொல்றேன். என்னிடம் படித்த ஒரு பையன், நம்ம பையன். கை அத்தனை சுத்தம். திசுவை மெல்லிசாகச் சீவுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆய்வு உதவித்தொகை நேர்காணலுக்கு முதல் நாள் கூப்பிட்டுச் சொன்னேன்: "குடும்பத்தைப் பத்திக் கேட்டா, அம்மா தோல் ஷாப்புல வேலைன்னு சொல்லாத. கம்பெனி வேலைன்னு சொல்லிடு." அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். நேர்காணலுக்குப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் வீட்டுக்கே போனேன். அவன் அம்மா டீ கொடுத்தார்கள். பையன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "சார், எங்கம்மாவ மறைச்சிட்டுத்தான் விஞ்ஞானியாகணும்னா, அது யாருக்கு சார்?"

எனக்குப் பதிலில்லை. எங்கப்பாவும் தோல் ஷாப்தான் என்று அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். அடுத்த வருஷம் விண்ணப்பித்தான். அம்மாவின் வேலையைச் சொன்னான். அந்த வேலையையே வைத்துக் கொலாஜனை விளக்கினான். இன்றைக்கு ஆய்வு மாணவன்.

தோல் தொழில் புனிதம், அதற்கே திரும்பிப் போவோம் என்று நான் சொல்லவில்லை. பறையை அடிப்பதா, விடுவதா என்று நாம் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம்! சுண்ணாம்பில் கை வெந்தவனுக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. அப்பா என்னை அந்தத் தொட்டியில் இறங்கவிடாததுதான் அவர் எனக்குச் செய்த முதல் உதவி. நான் சொல்வது, அவமானம் நம்முடையது இல்லை. அதைச் சுமந்துகொண்டே பாடம் நடத்தினால் மாணவனுக்கும் அதைத்தான் தூக்கிக் கொடுப்போம். நான் கொடுத்தேன்.

கற்பி என்பது பாடத்தை ஒப்பிப்பது அல்ல. நமக்கு முன்னால் வந்தவர் வழியைக் காட்டுவது, தான் எங்கிருந்து வந்தோம் என்பதையும் சேர்த்தே. இங்கே படிக்கிற தோழர்கள் விண்ணப்பம் போடணும், கடிதம் எழுதணும், நேர்காணலுக்குத் தயாராகணும் என்றால் எழுதியதை எடுத்துக்கொண்டு வாருங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. உட்கார்ந்து திருத்துவோம். வேலையில் இருக்கிற தோழர்கள் ஆளுக்கொரு மாணவரையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.