மல்லாட்டை என்று எழுதினால் தவறா?

(திருவக்கரையில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊருக்கு வருகிறவர்கள் கல்மரங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளம் அடித்து வந்து மண்ணில் புதைத்த மரங்கள் அவை. 1781-இல் சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அவற்றைப் பற்றி எழுதினார். அதே கற்களைக் கோயில் கதையில் வரும் வக்கராசுரனின் எலும்புகள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அறிவியல் வகுப்பில் எதை நடத்த வேண்டும் என்பதில் நமக்குக் குழப்பமில்லை. ஆனால் இந்தக் கற்களின் மேல் ஏறி விளையாடி வளர்ந்த பிள்ளை அவற்றைப் பற்றி என்ன எழுதும்?

'எங்கள் ஊர்' என்று கட்டுரை கேட்டுப் பாருங்கள். பச்சைப் பசேலென வயல்கள், சலசலக்கும் ஓடை, கூவும் குயில் எல்லாம் வரும். கல்குவாரி லாரியும் வராது, புழுதியும் வராது, கல்மரமும் வராது. அது வழிகாட்டி நூலில் இருக்கும் ஊர். தன் ஊர் எழுத்துக்கு ஏற்றதல்ல என்று அந்தப் பிள்ளைக்கு யாரோ சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அம்மா மல்லாட்டை ஆயப் போனாங்க" என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாம் அடித்துவிட்டு 'நிலக்கடலை' என்று திருத்துவோம். அடுத்த முறை அவள் சரியாகவே எழுதுவாள். ஆனால் அதற்குள் அவளுக்கு ஒன்று புரிந்திருக்கும்: அம்மாவின் பேச்சு நோட்டுக்குள் வரக்கூடாது. மல்லாட்டை ஒன்றும் கொச்சை அல்ல. மணிலாக் கொட்டைதான் மருவி மல்லாட்டை ஆனது. கடல் கடந்த ஒரு நகரத்தின் பெயர் திண்டிவனம் பக்கத்துக் கொல்லையில் புழங்குகிறது. ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம் அந்த ஒரு சொல்லை வைத்து!

விருத்தாசலம் பக்கத்தில், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழிலாளியாக இருந்தவர் கண்மணி குணசேகரன். 'அஞ்சலை' நாவலை எழுதியவர். இந்த மண்ணின் சொற்களைத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி'யை உருவாக்கியவரும் அவரே. அதற்கு முன்பே கரிசல் சொற்களுக்கு அகராதி தந்த கி.ராஜநாராயணன் பள்ளிப்படிப்பை அதிகம் காணாதவர். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. வீட்டில் பேசிய சொற்களை ஏட்டில் ஏற்ற இவர்கள் கூச்சப்படவில்லை.

நம்மில் ஒருவரையும் சொல்ல வேண்டும். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1994-இல் 'கோவேறு கழுதைகள்' வந்தது. 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவரும் வருகைப் பதிவேடு எழுதியவர்தான். நாமோ நாள் முழுக்க எழுதுகிறோம்: பாடக்குறிப்பு, பதிவேடு, அறிக்கை. ஆனாலும் "நான் எழுதுகிறவன்" என்று சொல்ல நாக்கு கூசுகிறது. விருது பெற்றவருக்கு மட்டுமே உரிய பட்டம் என்று நினைக்கிறோம். நாம் கூசினால் பிள்ளையும் கூசும். நாலு வரியாவது அவர்களோடு உட்கார்ந்து எழுதுகிற ஆசிரியரைப் பிள்ளைகள் வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

"அப்படியானால் தேர்வில்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொதுத்தமிழ் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்குத்தான் நட்டம். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். வட்டாரச் சொல்லைப் பிழையாக எண்ணி அடிக்காதீர்கள். பக்கத்தில் 'நிலக்கடலை' என்றும் எழுதச் சொல்லுங்கள், இரண்டும் இருக்கட்டும்.

இந்த வாரமே 'எங்கள் ஊர்' கட்டுரையை வழிகாட்டி இல்லாமல் எழுதச் சொல்லலாம். நல்லதாக நாலு வந்தால் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களுக்கு அனுப்புங்கள்; மற்றவற்றை வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். ஒட்டும்போது பெயர், வகுப்பு, பிரிவு என்று போட வேண்டாம். 'எழுதியவர்' என்று போட்டு, அதன் கீழே பிள்ளையே தன் பெயரை எழுதட்டும்.